விரால் வயிற்றில் சிவப்புப் புழு

பிள்ளைகளா, இதை என் மகள் செல்வியிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை.

அய்யம்பாளையம் பக்கத்தில் இருக்கும் அணையில் ஞாயிறுதோறும் தூண்டில் போடுவேன். முன்பெல்லாம் முள்ளில் மாட்டுவது சிவப்பு ரப்பர் புழு. அது பிய்ந்தால் தீக்குச்சியால் உருக்கி ஒட்டுவேன். ஒட்டிய இடம் கறுத்துவிடும். திரும்பவும் பிய்ந்தால் தண்ணீரிலேயே வீசிவிடுவேன்.

ஒருநாள் நான் பிடித்துவந்த விராலை என் வீட்டுக்காரி அறுத்தாள். "ஏங்க, குடலை அடைச்சுக்கிட்டு என்னமோ கெடக்கு!" என்றாள். பார்த்தால், ஊதிப்போன சிவப்புப் புழு. நடுவில் கறுப்புத் தழும்பு.

"யாருப்பா இதைப் போட்டது?" என்று செல்வி கேட்டாள்.

"கொடைக்கானலுக்கு வர்ற டூரிஸ்ட் எவனாவது போட்டிருப்பான்" என்றேன். பொய் சொல்ல வாய் கூசவே இல்லை.

அன்றிலிருந்து மண்புழுதான் மாட்டுகிறேன். மீன் தின்றாலும் செரித்துவிடும், தண்ணீரில் விழுந்தாலும் மக்கிவிடும். செல்வியும் கூட வந்து, கரை ஒதுங்கிய ரப்பர் புழுக்களைப் பொறுக்குகிறாள். பல புழுக்களில் கறுப்புத் தழும்பு இருக்கிறது.

"அந்த டூரிஸ்ட் மட்டும் என் கையில சிக்கட்டும்ப்பா, அவனுக்கு இருக்கு!" என்பாள். நான் தலை குனிந்து தூண்டிலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எழுதிய இந்தத் தாளை முதலில் அவள் கையில்தான் கொடுக்கப்போகிறேன்.