துண்டுச் சீட்டு இல்லாமல் பேசிய நாள்

எங்கள் பல்கலைக்கழகப் பீடச் சபைக் கூட்டத்தில் உதவிப் பதிவாளர் வாய் திறப்பது வழக்கமில்லை. பீடாதிபதிக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, பேராசிரியர்கள் பேசுவதைக் குறித்துக்கொள்வதுதான் வேலை. ஏதாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பீடாதிபதி பக்கம் தள்ளிவிட வேண்டும். விரும்பினால் அவர் அதைத் தன் கருத்தாகச் சொல்வார். விரும்பாவிட்டால் அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிடுவார். நானும் வருடக்கணக்காகத் தள்ளிக்கொண்டுதான் இருந்தேன்.

எங்களையெல்லாம் சேர்த்துக் கல்விசாரா ஊழியர் என்பார்கள். ஒருவர் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லாமல், என்ன செய்யவில்லை என்பதை வைத்துக் கூப்பிடுவது எனக்கு என்றைக்கும் எரிச்சல்தான். துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பான மஹய்யாவ முகவரியைப் போட்டு விண்ணப்பித்து வேலைக்கு வந்தவள் நான். அந்த முகவரியைப் பார்த்ததும் உயர்ந்த புருவங்களையும் மறக்கவில்லை.

எல்லாம் இணையத்துக்குப் போனபோது, "இனி உங்களுக்கு வேலை குறையும்" என்றார்கள். முத்திரை குத்துவது குறைந்தது, உண்மைதான். ஆனால் கடவுச்சொல்லை மறந்தவர்கள், விடுதியில் சாப்பிடாமல் சுருண்டு கிடப்பவர்கள், படிப்பை விட்டுவிடலாமா என்று யோசிப்பவர்கள் எல்லோரும் என் மேசைக்கு வர ஆரம்பித்தார்கள். விசாரிப்பது, வீட்டாரோடு பேசுவது, வைத்தியரிடம் அனுப்புவது எல்லாம் எங்கள் தலையில் விழுந்தன. நியமனக் கடிதத்தில் இதில் ஒன்றுமே கிடையாது. எனக்கு அதில் வருத்தமும் கிடையாது.

அப்படித்தான் ஒரு நாள் அந்தப் பிள்ளை வந்தாள். மலைப்பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து படிக்க வந்தவள்.

"மிஸ், என்னைய எக்ஸாம் எழுத விட மாட்டாங்களாம். வரவு பத்தாதாம்."

"ஏன், எங்க போயிருந்த?"

"ஊருக்குப் போனப்ப மண் சரிஞ்சு ரோட்டையே கொண்டு போயிருச்சு மிஸ். பஸ் இல்ல, கரண்டு இல்ல, ஃபோனும் வேல செய்யல. ரோடு தெறந்த அன்னைக்கே கெளம்பி வந்தேன்."

இணையத்தில் முறையிட்டிருந்தாள். அங்கே தெரிவுசெய்ய மூன்றே காரணங்கள்: நோய், வீட்டில் மரணம், விளையாட்டுப் போட்டி. மண்சரிவு அவற்றில் இல்லை. எதையும் தெரிவுசெய்யாமல் நடந்ததை எழுதி அனுப்பியிருந்தாள். இணையம் அதைத் தானாகவே நிராகரித்துவிட்டது.

"கூடப் படிக்கிறவங்க காய்ச்சல்னு போடச் சொன்னாங்க மிஸ். இல்லாத காய்ச்சல எப்புடிப் போடுறது?" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "இந்த வருஷம் போச்சுன்னா வீட்டுல திரும்ப அனுப்ப மாட்டாங்க. கொழும்புல ஒரு கடையில வேல பாத்து வச்சிருக்காங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவள்மேல் அல்ல. "அழுவாத, ஒக்காரு" என்று சொல்லிவிட்டு அவளுடைய ஊர்க் கிராம சேவகரைத் தொலைபேசியில் பிடித்தேன். பாதை மூடியிருந்தது உண்மைதான் என்று அவர் எழுத்தில் அனுப்பிவைத்தார்.

பீடச் சபையில் பரீட்சைக்கு அனுமதி இல்லாதவர்களின் பெயர்கள் வந்தன. நான் துண்டைத் தள்ளினேன். பீடாதிபதி யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் சண்டை சச்சரவு ஆகாது. துண்டைப் பார்த்தார். கோப்பையை எடுத்து அதன்மேல் வைத்தார்.

வந்தது வரட்டும் என்று கையைத் தூக்கினேன்.

மேசையின் அந்தக் கோடியிலிருந்த மூத்த பேராசிரியை கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "உறுப்பினர் அல்லாதவர் பேசும் வழக்கம் இல்லையே" என்றார் ஆங்கிலத்தில்.

"வழக்கம் இல்லை, மேடம். தடையும் இல்லை" என்று நானும் ஆங்கிலத்திலேயே சொன்னேன். "முன்பு இந்தப் பிள்ளை ஒரு மனிதரிடம் வந்து சொல்லியிருப்பாள். இன்று மூன்று காரணங்கள் மட்டும் தெரிந்த ஓர் இயந்திரத்திடம் சொல்லியிருக்கிறாள். நான் விசாரித்துவிட்டேன். அவள் பொய் சொல்லியிருந்தால் பரீட்சைக்கு அனுமதி கிடைத்திருக்கும். உண்மை சொன்னதற்காக அவளை வெளியே அனுப்பப் போகிறோமா?"

கிராம சேவகரின் கடிதம் கைமாறிக் கைமாறிப் போனது. கடைசியில், "அனுமதிக்கலாம்" என்றார் பீடாதிபதி. ஆனாலும் அடுத்த கூட்டத்தில் கூட்டக் குறிப்பு உறுதியானால்தான் அது முடிவு. பரீட்சை அதற்கு மறுவாரம்.

கூட்டம் முடிந்ததும் பீடாதிபதி அறைக்குக் கூப்பிட்டார். "மிஸ், குறிப்பில நீங்கள் கதைச்சதை நான் சொன்னதாப் போட்டுவிடுங்கோ. உறுப்பினர் இல்லாத ஆள் கதைச்சது எண்டு அந்த மேடம் பிடிச்சுக்கொண்டா, முடிவே கவிண்டுபோகும். பிள்ளைக்குத்தான் பாதிப்பு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அதையேதான் யோசித்தேன். ஆனால் காய்ச்சல் என்று போடமாட்டேன் என்ற பிள்ளைக்காகப் பேசிவிட்டு, நான் எப்படிப் பொய் எழுதுவது?

மறுநாள் குறிப்பைக் கொண்டுபோய் வைத்தேன். 'உதவிப் பதிவாளர் கூறினார்' என்றிருந்தது.

"சேர், அடுத்த பிள்ளைக்கு யாருகிட்டப் போறதுன்னு தெரியணும்ல" என்றேன். பெருமூச்சு விட்டுக் கையொப்பம் வைத்தார்.

அடுத்த கூட்டத்தில், "குறிப்பில் திருத்தம் உண்டா?" என்று பீடாதிபதி வழமைபோல் கேட்டார். பேராசிரியை கையை உயர்த்தினார். பீடாதிபதி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஒரு திருத்தம்" என்றார் பேராசிரியை, அந்தப் பக்கத்தைத் தட்டிக்காட்டி. "உதவிப் பதிவாளர் கூறினார் என்று இருக்கிறது. அது சரியில்லை. நான் இங்கேதான் இருந்தேன். அவர் கூறவில்லை, வலியுறுத்தினார்."

அந்தத் திருத்தத்தை எழுதவேண்டியவளும் நான்தான். எழுதினேன். மறுவாரம் அந்தப் பிள்ளை பரீட்சை எழுதினாள்.