தீட்டென்று அறுத்த புடவை

அன்றைக்குத் தறிக்கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி, அவர் மனைவி முதலாளியம்மா, பக்கத்துத் தறி அண்ணன், அவர் மனைவி, நான். நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தது என் தறிப் பலகையை. நான் எழுந்த இடத்தில் காசளவு ரத்தக் கறை.

தறியில் இருந்தது அம்மனுக்குச் சாத்த வேண்டிய அரக்குப் புடவை. சாமிக்கு நெய்யும்போது மாதவிலக்கான பெண் தறியில் உட்காரக் கூடாது என்பது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் யாரும் சொல்லித் தரத் தேவையில்லாத வழக்கம். நானோ பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள். எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு நாள் கூடவே தள்ளித்தான் தறிக்கு வருவேன். அன்றும் குளித்துப் பத்து நாளாகியிருந்தது. நடுவில் ரத்தம் வருமென்று எட்டாவதோடு நின்றவளுக்கு யார் சொன்னார்கள்?

"சொல்லாம கொள்ளாம வந்து குந்திக்கினா பாரு" என்றார் முதலாளியம்மா, சுவரிடம் சொல்வதுபோல.

"பத்து நாளைக்கு முன்னவே தலைக்கு ஊத்திக்கினேம்மா."

"அப்ப உனக்கு மட்டும் மாசத்துக்கு ரெண்டு தபா வருதாடி? கூலி போயிடுமேன்னு பொய் சொல்றா."

பக்கத்துத் தறி அண்ணன் தலை குனிந்துகொண்டார். அவர் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் நான் மறக்கவில்லை. முந்தானை முடிந்து நாலு விரற்கடைதான் பாக்கி. முதலாளி அப்படியே புடவையை அறுத்தெடுத்தார். "இது சாமிக்கு ஆவாது. உனக்குக் கூலியும் கெடையாது, கெளம்பு."

அதற்குப் பிறகு ஒரு வருடம் ரத்தம் எப்போது படும், எப்போது நிற்கும் என்று தெரியாமல் கிடந்தேன். பட்ட நாளெல்லாம் தீட்டென்றே நினைத்தேன். மாதத்தில் பாதி நாள் தறிக்கு வராதவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? புற்றாக இருக்குமோ என்று பயம். போய்க் காட்டினால் ஆமென்று சொல்லிவிடுவார்களோ என்று அதைவிடப் பயம். கடைசியில் ஒரு நாள் தெருவில் மயங்கி விழுந்துதான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"இது மாதவிலக்கே இல்லமா" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு மாதவிலக்குக்கு நடுவுல பட்டா எதனாலன்னு பாக்கணும். தைராய்டா இருக்கலாம், மாத்திரையா இருக்கலாம், புண்ணு, கட்டி, சிலருக்குப் புத்துநோயாவும் இருக்கலாம். பாக்காம எப்படித் தெரியும்? ஒரு வருஷமா இன்னா பண்ணிக்கினு இருந்த?"

ஸ்கேனில் கருப்பைக்குள் சின்னச் சதை வளர்ச்சி தெரிந்தது. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன அன்று, வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அன்று பலகையில் பட்டது தீட்டில்லை. நான் பொய் சொல்லவில்லை.

அந்த ஆத்திரத்துக்கு எண்ணெய் ஊற்றியது சின்ன காஞ்சிபுரத்தில் நடந்த ஒரு கல்யாணம். மணப்பெண் உடுத்தியிருந்தது என் அரக்குப் புடவை. கரையில் ஓர் அன்னத்தின் அலகு மட்டும் கோணலாக இருக்கும், என் கைப்பிழை. பெண்ணின் அம்மாவிடம் மெல்ல விசாரித்தேன். முதலாளியிடம் முழு விலை கொடுத்து வாங்கினார்களாம். சாமிக்கு ஆகாதது விற்பனைக்கு ஆகியிருந்தது. என் கூலிக்கு மட்டும் தீட்டு.

இப்போது வேறு கூடத்தில் நெய்கிறேன். அந்த அண்ணனும் அவர் மனைவியும் இப்போது இங்கேதான், பக்கத்துத் தறியில். போன மாதம் ஒரு காலையில் முதலாளியம்மா வந்தார். முதலாளி வண்டியை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றார். என் காதருகே குனிந்து முதலாளியம்மா சொன்னார்: "எனக்கு நின்னுபோயி ஆறு வருஷமாச்சு. இப்ப ரெண்டு நாளா படுது. உனக்குச் சரியாப் போச்சாமே, நீ எந்த டாக்டராண்ட போன?"

"நின்னுபோனப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் சும்மா இருக்கக் கூடாதும்மா. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, அதே டாக்டரம்மா இருக்காங்க."

"மெதுவா பேசேண்டி."

நான் குரலை இறக்கவில்லை. பக்கத்துத் தறி நின்றது.

"ஏம்மா, அன்னிக்கு நான் சொன்னது பொய்யா?"

அவர் என் பலகையைப் பார்த்தார். "இல்ல" என்றார், உதட்டுக்குள்.

"அண்ணனுக்குக் கேக்கலியாம்."

"இல்லடி, பொய்யில்ல!"

வாசலில் முதலாளி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணன் மனைவி இந்த முறை சிரிக்கவில்லை. அதே ஐந்து பேர்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனாராம், பரிசோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். நன்றாக இருக்கட்டும், நூறு வயது இருக்கட்டும். எனக்குக் கடன் வைத்திருப்பவர் உயிரோடு இருந்தால்தானே நான் போய்க் கேட்க முடியும். கொடுத்த முன்பணம் போக அந்தப் புடவைக்கு வர வேண்டிய கூலி இன்னும் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.