ஃப்ரீ என்ற சொல்லும் அம்மாவும்

ஃப்ரீ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆந்திர எல்லையில் எங்கள் பக்கம் அதைத் தமிழா தெலுங்கா ஆங்கிலமா என்று யாரும் பார்ப்பதில்லை. வீட்டில் தமிழ் பேசுகிறோம், கடைத்தெருவிலும் ஆபீஸிலும் தெலுங்கு பேசுகிறோம், இரண்டிலும் ஃப்ரீ ஒன்றுதான். ஆளுக்கு வேலை இல்லை என்றால் ஃப்ரீ, காசு வேண்டாம் என்றால் ஃப்ரீ, நாற்காலி காலி என்றால் ஃப்ரீ, காலையில் வயிறு ஒழுங்காகப் போனால் அதுவும் ஃப்ரீ. இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம்.

அம்மாவின் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்துபோனபோது நான் திருப்பதியில் ஒரு தனியார் ஜூனியர் காலேஜில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்ய வேண்டும், விட்டால் உயிர் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கங்காதர நெல்லூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குச் சித்தூர்தான் கிட்டம். அங்கே மெஷின் ஃப்ரீயாக இல்லை என்றார்கள். திருப்பதியில் இருந்தது. அங்கேயே வீடு எடுத்துத் தங்கலாம் என்றேன். மாட்டை யார் பார்ப்பது என்று அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அப்படியானால் ஊரிலிருந்து அவளை யார் கூட்டிக்கொண்டு போய் வருவது என்ற பேச்சு வந்தது. தம்பி பெங்களூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

"நீ ஃப்ரீயாதானக்கா கீற?" என்றான் போனில்.

காலேஜுக்குப் போவதெல்லாம் அவன் கணக்கில் வேலையே இல்லை போலும். வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிவிட்டு, மறுவாரமே காலேஜை விட்டு ஊருக்கு வந்து சேர்ந்தேன். அம்மாவை இன்னொருவர் கையில் விட எனக்கு மனசு வரவில்லை.

பஸ்ஸில் பெண்களுக்கு ஃப்ரீ. கண்டக்டர் ஆதார் கார்டைப் பார்த்துவிட்டு ஜீரோ டிக்கெட் கொடுப்பார். டயாலிசிஸும் அரசாங்கக் கார்டில் ஃப்ரீ. அம்மாவுக்கு இரண்டுமே ஆகவில்லை. கரும்பு வெட்டியும் வேர்க்கடலை பிடுங்கியும் மாங்காய் மண்டியில் கூடை தூக்கியும் எங்களை வளர்த்தவள் அவள். அவளைப் பொறுத்தவரை ஃப்ரீ என்றால் ஓசி. கூலிக்குப் போய் வளர்ந்த எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டிலாவது சோறு போட்டால் சும்மா சாப்பிட்டுவிட்டு எழுந்து வரமாட்டார்கள். வாசலைக் கூட்டுவார்கள், இல்லை நாலு பாத்திரமாவது தேய்ப்பார்கள். கல்யாணத்துக்குப் போனால் முதலில் காய் நறுக்கும் இடத்தில் போய் உட்காருவார்கள். அப்போதுதான் அந்தச் சோறு உடம்பில் ஒட்டும் என்பாள் அம்மா.

டயாலிசிஸ் செய்யும் இடத்திலும் அவள் இந்தப் பழக்கத்தை விடவில்லை. மெஷினோடு மணிக்கணக்கில் கிடந்துவிட்டு எழுந்தால் தலை சுற்றும், கால் நிற்காது. அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பாள். பிறகு தான் படுத்திருந்த விரிப்பை உதறி, மூலைக்கு மூலை சேர்த்து மடித்துத் தலைமாட்டில் வைப்பாள். பக்கத்துக் கட்டில் காலியாகியிருந்தால் அந்த விரிப்பையும் மடிப்பாள்.

"அம்மா, மீரு பேஷண்ட். வதிலேயண்டி!" என்று டெக்னீஷியன் விட்டுவிடச் சொல்லித் தெலுங்கில் சத்தம் போடுவார்.

"இருப்பா, கையி சும்மாதான கீது" என்பாள் அம்மா தமிழில்.

மடித்தாலும் மடிக்காவிட்டாலும் அது நேரே துவைக்கப் போகிற விரிப்பு. அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

அவள் உள்ளே கிடக்கும் நேரத்தில் எனக்கு வேலை கிடையாது. செல்போனில் ஆங்கிலச் சொற்களின் பிறப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். வாத்தியார் புத்தி. அப்படி ஒருநாள் ஃப்ரீயைத் தேடினேன். காசில்லாமல் கிடைப்பது என்ற பொருளெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டதாம். அடியில் இருப்பது அன்பு. நாம் பிரியம் என்கிறோமே, அதுவும் இதுவும் ஒரே வேரில் முளைத்தவை. ஃப்ரெண்ட் என்ற சொல்லும் அதே குடும்பம்தான். பழைய காலத்து வீடுகளில் எஜமானுக்குப் பிரியமான சொந்தபந்தம் ஒரு பக்கம், அடிமைகள் ஒரு பக்கம் இருந்திருக்கிறார்கள். அதனால்தான் பிரியமானவர் என்ற சொல்லுக்கே அடிமை இல்லாதவர் என்ற பொருள் வந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார்கள். அந்த நாசமாய்ப் போன சொல்லுக்குள் இப்படி ஒன்று இருக்கிறதே என்று எனக்கு அன்று சின்னதாக ஒரு சந்தோஷம்.

சந்தோஷம் நிலைக்கவில்லை. மழைக்காலம் வந்தபோது அம்மா கரைந்துபோயிருந்தாள். ஃப்ரீ சைஸ் என்று வாங்கிக் கொடுத்த நைட்டிக்குள் அவளைத் தேட வேண்டியிருந்தது. "கையை ஃப்ரீயா விடும்மா" என்று டெக்னீஷியன் தெரிந்த தமிழில் கெஞ்சினாலும் ஊசி ஒரே குத்தில் இறங்கவில்லை. அம்மா பல்லைக் கடித்துக்கொள்வாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை விரிப்பை எடுத்தவளுக்கு மூலைகள் சேரவில்லை. மறுபடி உதறிப் பார்த்தாள். விரிப்பு நழுவிக் கீழே விழுந்தது. குனிந்தால் விழுந்துவிடுவாள் என்று நான் ஓடிப்போய் எடுத்து, நானே மடித்து வைத்தேன். கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டவளைப் பார்ப்பது போல் அம்மா என்னைப் பார்த்தாள்.

திரும்பும்போது பஸ் சந்திரகிரி தாண்டியதும் சொன்னாள். "இனிமே நான் வர்ல பாப்பா."

"இன்னாம்மா சொல்ற? வராட்டி இன்னா ஆவும்னு தெரியுமா?"

"தெரியும். ஓசில படுத்துக்கினு, ஓசில போய்க்கினு வந்துக்கினு எத்தினி நாளைக்கு? ஒரு துணி மடிக்க முடியல. என்னால ஆவாது."

அவளை எதையாவது சொல்லி நிறுத்த வேண்டும். வேறு ஒன்றும் தோன்றாமல் அந்தச் சொல்லின் வேரைத்தான் எடுத்தேன்.

"ஃப்ரீன்னா ஓசி இல்லம்மா. பிரியம்னு அர்த்தம். பிரியமானவங்கள ஃப்ரீன்னு சொன்னாங்க. படிச்சேன்."

"யாரு சொன்னது?"

"வெள்ளக்காரன்."

அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அவனுங்கள உடு. உனக்கு எம்மேல பிரியம் கீது இல்ல? அப்ப ஊட்ல வச்சுக்க. பஸ்ல ஏத்தாத."

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்க நான் அழுதேன்.

தம்பிக்குப் போன் போட்டேன். "ஃப்ரீயா உடுக்கா, ரெண்டு நாள்ல அதுவே சரியாயிடும்" என்றான். அம்மா சரியாகவில்லை. திங்கட்கிழமை பஸ் நேரத்துக்கு நான் புடவை மாற்றிக்கொண்டு நின்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆட்டோ வரவழைத்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம், பெரிய எடை ஒன்றும் இல்லை. போகலாமா என்று கெஞ்சினேன், அதட்டினேன், காலைப் பிடித்தேன். கடைசியில் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

டெக்னீஷியன் போன் செய்தார். மெஷின் ஃப்ரீயாக இருக்கிறது, அம்மா ஏன் இன்னும் வரவில்லை, அடுத்து ஆள் காத்திருக்கிறது என்றார். அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு, வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று தெலுங்கில் சொன்னேன். போனை வைத்த கையை வெட்டிப் போடலாம் போல் இருந்தது.

அன்று அம்மா தண்ணீர் கேட்டாள். டாக்டர் சொன்னபடி மாதக்கணக்கில் அவளுக்கு அளந்து அளந்து கொடுத்த தண்ணீர். சொம்பு நிறையக் கொடுத்தேன், மடக் மடக்கென்று குடித்தாள். நாலைந்து நாளில் முகமும் காலும் வீங்கின, மூச்சு முட்டியது. என் மடியில்தான் போனாள். அவள் கேட்டபடி வைத்துக்கொண்டேன் என்று மனசைத் தேற்றப் பார்த்தால், அது தேறுவதாக இல்லை. அவளைப் பிரியத்தால் விட்டேனா, களைத்துப்போய் விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

கருமாதி முடிந்து தம்பி புறப்பட்டான். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "இனிமே ஃப்ரீதானக்கா நீ. பெங்களூர் வந்துடு. பசங்கள பாத்துக்கினு இருக்கலாம்."

"நான் ஃப்ரீ இல்ல" என்றேன்.

"உனக்கு இன்னாக்கா வேல?" என்றான்.

"எங்கம்மா செத்துப்பூட்ச்சிடா" என்றேன்.