குரோம் தொட்டியில் விழுந்த சூரன்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்போது எனக்கு வயது பதினொன்று. தெரியும் என்பது வீட்டாரின் நம்பிக்கை. அதன் லட்சணம் எனக்கு மட்டும்தான் தெரியும். பம்பாயில், தாராவியில் எங்கள் சந்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அத்தனை வீட்டிலும் மாட்டுங்காவுக்குப் போய் இங்கிலீஷ் படித்த பெண் நான் ஒருத்தி. அடம்பிடித்து என்னை அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது என் அண்ணன். என்னைவிட எட்டு வயது மூத்தவன். தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான்.

அதனால் ரேஷன் ஆபீஸ் பாரமோ, மருந்துப் புட்டியோ, எந்த இங்கிலீஷ் காகிதம் வந்தாலும் என் கையில் கொடுத்துவிட்டு வாயைப் பார்ப்பார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னால் அண்ணன் முகம் விழுந்துவிடுமே என்ற பயம் பாதி, என் பவிசு போய்விடுமே என்ற பயம் பாதி. பத்து வார்த்தையில் இரண்டு புரியும். மீதி எட்டையும் நானே கட்டிவிடுவேன்.

அண்ணன் வேலை செய்தது ஒரு முலாம் பட்டறையில். சைக்கிள் ஹேண்டில்பார், குழாய், கார் பம்பர் என்று என்னென்னவோ வரும். அவற்றைத் தேய்த்து, நிக்கல் தொட்டியில் முக்கி, அப்புறம் குரோம் தொட்டியில் முக்கி எடுத்தால் முகம் பார்க்கலாம். பளபளப்பில் கீறல் விழாமல் இருக்கப் பழைய காகிதத்தில் சுற்றி அனுப்புவார்கள். அந்தக் காகிதத்தை ரத்திக் கடை என்கிற பழைய பேப்பர் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக வாங்குவார்கள். அந்த மூட்டையில்தான் அமெரிக்கக் காமிக்ஸ் வந்தது. முகமூடி போட்டவன், பறக்கிறவன், சுவரைக் குத்திப் பிளக்கிறவன் எல்லாரும் குழாய் சுற்றுவதற்காகக் கப்பல் ஏறி வந்தவர்கள். அண்ணன் அவர்களைப் பொறுக்கிச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவான். முழுப் புத்தகமாக ஒன்றும் கிடைக்காது. கடைசிப் பக்கம் எப்போதும் யார் வீட்டுக் குழாயோடோ போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வாசிப்பேன், அவன் படுத்துக்கொண்டு கேட்பான். இல்லாத முடிவை நானே சொல்லிவிடுவேன். முடிவைப் பற்றி அவன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அவனுக்குப் பிடிக்காததெல்லாம் அந்தச் சூரர்களின் விஞ்ஞானம்.

"ஏட்டி, பம்பரைப் பிடிச்சா காரைத் தூக்குதான்? அது ரெண்டு போல்ட்டுல நிக்குது. இழுத்தா பம்பர் மட்டும் கையோட வரும். கார் அங்கனதான் கெடக்கும்."

இருபது மாடியிலிருந்து விழுந்த பெண்ணை ஒரு சூரன் தரைக்கு ஒரு முழம் மேலே பிடித்தான். "அம்புட்டு ஒசரத்துல இருந்து வந்தா தரையில விழுந்தா என்ன, அவன் கையில விழுந்தா என்ன? அவன் கை என்ன பஞ்சு மெத்தையா?" என்றான் அண்ணன். எனக்குக் கோபம் வரும். சூரர்களுக்காக அவனோடு மல்லுக்கட்டுவேன்.

அவன் அதிகம் சிரித்தது ஆசிட் தொட்டிக்கு. சாதாரண ஆள் தொட்டியில் விழுகிறான், தோல் இரும்பாகிச் சூரனாக எழுந்து வருகிறான் என்று ஒரு கதை. அந்த மாதிரியே மாட்டுங்காவில் ஒரு தியேட்டரில் ஞாயிறு காலைக் காட்சியாகப் பழைய இங்கிலீஷ் படம் ஒன்று போட்டார்கள். இரண்டு பேரும் போனோம். வில்லன் தள்ளிவிட, சூரன் தொட்டியில் விழுந்தான். புகை கொப்பளித்தது. எழுந்து வந்தான், தலை வகிடுகூடக் கலையவில்லை. முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி அண்ணன் சிரித்தான்.

"அது சோப்புத் தண்ணிட்டி. ஆசிட்டு அப்படியா இருக்கும்? எங்க தொட்டி பாலில்லாத டிகாஷன் மாதிரி செவசெவன்னு சும்மா கெடக்கும். மேல லேசா ஆவி வரும், அம்புட்டுத்தான். விழுந்தவன் எந்திரிச்சாலும் தோலு உள்ளயே கெடக்கும்."

படம் முடிந்து வெயிலில் நடந்து வந்தோம். அவன் விரல்களில் ஆறாத சிறுசிறு புண்கள் இருந்தன. எல்லாருக்கும் இருப்பதுதான் என்பான். மூக்கு எரிகிறது என்று அப்போதெல்லாம் வேலையில் ஒரு ஈரத்துணியைக் கட்டிக்கொள்வான்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கொண்டுவந்தது காமிக்ஸ் அல்ல. குரோம் வந்த டிரம்மில் ஒட்டியிருந்த காகிதம். பட்டறையில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது, முதலாளி சேட்டும் சரியாகச் சொல்லவில்லை. "எந்தங்கச்சி சொல்லுவான்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றான்.

பொடி எழுத்தில் ஏழெட்டு வரி. எனக்குப் புரிந்தவை இரண்டே வார்த்தைகள்: ஸ்ட்ராங், ஸ்கின். மற்றதெல்லாம் வாயில் நுழையாதவை. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, காமிக்ஸ் வாசிக்கிற அதே குரலில் சொன்னேன்: "ரொம்ப ஸ்ட்ராங்கான மருந்து இது. முதல்ல கொஞ்ச நாள் எரியும். அப்புறம் தோல் கெட்டியாயிரும், பயப்பட வேண்டாம்னு போட்டிருக்குண்ணே."

இதற்கும் சிரிப்பான் என்றுதான் நினைத்தேன். சிரிக்கவில்லை. தலையை ஆட்டினான். "கம்பெனிக்காரனே அச்சடிச்சு ஒட்டியிருக்கான், பொறவென்ன" என்றான். காகிதத்தை என்னிடமே கொடுத்தான். நான் அதைக் காமிக்ஸ் பக்கங்களுக்குள் செருகிவைத்தேன்.

மூக்கில் துணி கட்டினால் புழுக்கம் தாங்காது. அதைக் கட்டுவதை அவன் விட்டான். அவனைப் பார்த்து, தொட்டியில் அவனோடு வேலை செய்த மற்ற இரண்டு பேரும் விட்டார்கள். எரிச்சல் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டது என்று என்னிடம் வந்து சொன்னான். எனக்குப் பெருமையாக இருந்தது. நாம் கட்டிவிட்டது எப்படியோ சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன், கடவுளே.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் அண்ணன் வாசலில் உட்கார்ந்து விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினான். ஒரு மூக்குத் துவாரத்தில் விட்டு மறு துவாரம் வழியாக வெளியே இழுத்தான். வலியே இல்லை என்றான். பட்டறையில் மூன்று பேருக்கும் அப்படி ஆகிவிட்டதாம், சாப்பாட்டு நேரத்தில் போட்டி வைத்துச் செய்வார்களாம். சந்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்தினேன்: "எங்க அண்ணனுக்கு சக்தி வந்துட்டு!" அம்மா மட்டும் உள்ளேயிருந்து வந்து, ஈர்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவன் மூக்கைப் பார்த்தாள். அன்று அடுப்பில் குழம்பு கருகிய நாற்றம் சந்து முனை வரை அடித்தது. அடுப்புக்கு நாலடி தள்ளி வாசலில் இருந்த அண்ணனுக்குத் தெரியவில்லை.

அடுத்த வகுப்பில் விஞ்ஞானப் பாடத்தில் மனிதத் தலையைப் பாதியாக வெட்டிய படம் ஒன்று இருந்தது. இரண்டு மூக்குத் துவாரங்களுக்கும் நடுவே இருக்கும் சுவரைக் காட்டி டீச்சர் பெயர் சொன்னார்: செப்டம். அந்த எழுத்துகளை நான் பார்த்திருந்தேன். மறுநாள் டிரம் காகிதத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், மத்தியானம் சாப்பிடாமல் டிக்ஷனரியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தேன். ஆவியைச் சுவாசிக்கக் கூடாது. தோலில் ஆறாத புண் வரும். மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். எட்டே வரி. திரும்பத் திரும்பப் புரட்டியதில் டிக்ஷனரியின் பக்கம் ஒன்று கிழிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சொன்னேன். அழுதுகொண்டே முழுவதையும் வாசித்தேன். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை, நானாகச் சொன்னேன் என்றேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவன் விரலால் மூக்கை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"சரி, அழாத. சின்னப்புள்ள நீ. ஒனக்கென்ன தெரியும்" என்றான். அப்புறம், "மத்த ரெண்டு பேர்ட்டயும் நாந்தான் சொல்லணும்" என்றான்.

மறுநாளிலிருந்து மறுபடி துணியைக் கட்டிக்கொண்டான். அடுத்த வாரமும் காமிக்ஸ் கொண்டுவந்தான். நான் வாசிக்க ஆரம்பித்தேன். நாலாவது கட்டத்தில் அவன் கை பக்கத்தின் மேல் வந்து விழுந்தது.

"இது அதுல இருக்கதா, நீயாச் சொல்லுததா?"

"அதுல இருக்கதுதாண்ணே."

"சரி, வாசி."

முடிவு இல்லாத கதைகளுக்கு அதற்கப்புறம் முடிவு சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. பாரமோ, கடிதாசோ, எது வாசித்தாலும் நடுவில் ஒருதரம் அந்தக் கேள்வி வரும். கோபமாக அல்ல, மணி என்ன என்று கேட்கிற மாதிரி கேட்பான். என்னால் தாங்க முடியாதது அதுதான்.

நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம் அவனுக்கு இருமல் நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவசரத்தில் இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதி என் கையில் கொடுத்தார். வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்று பிரித்தேன். இப்போது எல்லா வார்த்தையும் புரிந்தது. மூக்கில் விழுந்த ஓட்டை மூடாது. வாசனை திரும்பாது. நுரையீரலும் கெட ஆரம்பித்துவிட்டது, இந்த வேலையை உடனே விட வேண்டும். ஆறு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வரி கட்டிவிட எனக்கு வாய் துடித்தது. கட்டவில்லை. உள்ளது உள்ளபடி வாசித்தேன்.

"அதுல இருக்கதுதானா?"

"ஆமாண்ணே. எல்லாம் அதுல இருக்கது."

அவன் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "இந்த ஒண்ணையாவது நீயாச் சொல்லியிருக்கலாம்லட்டி" என்றான்.

பஸ் வந்தது. மறுநாள் ஏழு மணிக்கு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அவன் பட்டறைக்குப் போனான்.