அம்மா கழுவிய ராசா

விளக்குக்குப் புளி தேய்க்கிற வாசம் வந்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். வேலணையில் புகையிலைத் தோட்டம் கொத்தும்போது ஐயாவுக்கு ஓர் உரோம நாணயம் கிடைத்தது. அதிலிருந்த முகம் உரோம ராசா கொன்ஸ்டன்டைனா, அவன் மகனா என்று ஒரு வருசமாக லென்ஸ் பிடித்துப் பார்த்தார். அதைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாத்தியார் வருகிற நாளில், அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார். நாணயம் பளபளத்தது, முகத்தைக் காணவில்லை.

நான் கத்தினேன்.

"சும்மா இரு பிள்ளை," என்ற ஐயா, அம்மாவிடம் திரும்பினார். "செல்லம், ராசாவைக் குளிக்க வாத்தனீரோ?"

"ஓமப்பா. ஊத்தை ராசாவை வாற மனிசன் மதிக்குமோ?"

ஐயா சிரித்துவிட்டார். நாணயப் பெட்டியில் ஒட்டியிருந்த கடதாசித் துண்டில் இரண்டு ராசாக்களின் பெயரையும் கோடிழுத்து வெட்டி, 'செல்லம்' என்று எழுதினார்.

நாணயம் இப்போது என்னிடம் இருக்கிறது. எந்த ராசா என்று யார் கேட்டாலும் அந்தப் பெயரைத்தான் சொல்வேன்.