தனபால் கட்டிய கயிறு

சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில், சுற்றுலா வருகிறவர்கள் பவானி ஆற்றில் குளிக்கும் துறைக்குத் தனபால்தான் காவல். மணல் அள்ளிய குழிகள் மேலே தெரியாது. தினமும் காலையில் இறங்கிக் காலால் துழாவி, குழிக்கு முன்னால் கயிறு கட்டி, அதில் சிவப்பு பிளாஸ்டிக் கேன்களை மிதக்கவிடுவார். வருகிறவர்களிடம் ஒரே பேச்சு: "கேனைத் தாண்டப்படாதுங்க."

அன்றைக்குக் கரையில் பாட்டில் உடைத்தவர்களைத் திட்டிவிட்டுத் திரும்பினார். பீளமேட்டிலிருந்து வந்த ஒருவர் கேனை அவிழ்த்து, கட்டிப்பிடித்து மிதந்துகொண்டிருந்தார். ஆறு அவரைக் கேனோடு குழிக்கு அப்பால் இழுத்தது; கேன் போன இடத்தில் கயிறு தண்ணீருக்குள் அமிழ்ந்துவிட்டது. பின்னாலேயே அவர் மனைவி, இடுப்பில் குழந்தையோடு நடந்தாள்.

"அம்மணி, நில்லு!"

"ஏனுங்ணா கத்தறீங்க? கேன் இன்னும் தூரத்துலதானுங்க இருக்குது!"

தனபால் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். இருவர் காலுக்கும் கீழே மணல் சரிந்துகொண்டிருந்தது.