மச்சான் பக்கத்துக் கயிறு

“கல்லறையிலருந்து ஆண்டவரே எழுந்து வந்து சொன்னாலும் சரி, இனிமே என் மச்சான்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேசினா என்னை மனுசன்னு மதிக்க வேண்டாம்.”

லிப்ட்காரர் சில வருடங்களுக்கு முன் இப்படிப் பிரகடனம் செய்தது கோயில் வாசலில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சனங்கள் கலைகிற நேரத்தில். சபையில் பாதிப்பேர் காதில் அது நேராக விழுந்தது. மீதிப்பேருக்கு அந்தப் பாதிப்பேர் சொல்லிவிட்டார்கள். பாடற்குழுவை நடத்துகிற டீச்சர் மட்டும், “அவ்வளவு கஷ்டப்பட்டு உயிர்த்து வர்றவரு, இதைச் சொல்லவா வருவாரு?” என்று கேட்டார். லிப்ட்காரர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தார். பிரகடனம் செய்தவர்கள் விளக்கம் தருவதில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு இரும்புக் கேட். மச்சான் பெயிண்டர். தங்கை வீட்டு வாசல் கேட்டுக்கு வர்ணம் அடித்துத் தர வந்தார். ஒரு பக்கக் கதவை முடித்து நிமிர்ந்தபோது லிப்ட்காரர் வெளியே வந்து பார்த்து, “நான் நீலம்தானே சொன்னேன், பச்சை அடிச்சு வச்சிருக்கே?” என்றார். “இது நீலம்தான்,” என்றார் மச்சான். “பச்சை.” “நீலம்.” தெருவில் போன பால்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவர் நன்றாக உற்றுப் பார்த்து, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார். கடைசியில் மச்சான், “லிப்ட் குழிக்குள்ளேயே கிடந்து உனக்குக் கண்ணு போச்சு, டாக்டர்கிட்டக் காட்டு,” என்று சொல்லி வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து கேட்டின் ஒரு கதவு பழைய துருநிறத்திலும், மற்றது சர்ச்சைக்குரிய நிறத்திலும் நிற்கிறது. வீட்டுக்கு வழி கேட்பவர்களுக்கு அது ஒரு நல்ல அடையாளம்.

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் உறவாவதற்கு முன்னால் சிநேகிதர்கள். மாடிக்கட்டிடம் ஒன்றில் இவர் லிப்ட் மாட்ட, அவர் லிப்ட் கதவுக்கு வர்ணம் அடிக்க, ஒரே தூக்குவாளிச் சோற்றைப் பங்குபோட்டுச் சாப்பிட்டவர்கள். “என் தங்கச்சி சமையலைத்தான் நீ இத்தனை நாளா சாப்பிட்டுட்டு இருக்கே. இனி நேராவே போய்ச் சாப்பிடு,” என்று மச்சான் சொன்னதுதான் பெண் பார்த்தது, நிச்சயம் செய்தது எல்லாம். லிப்ட்காரர் பிறகு கம்பெனியில் மேலே வந்தார். நகரத்தின் பெரிய கட்டிடங்கள் பலவற்றில் மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் அவர் தயவில்தான் போகிறார்கள், வருகிறார்கள். அவர் மட்டும் தன் வீட்டு மாடிக்கு மூச்சு வாங்கப் படியேறுவார்.

அவருடைய ஞானமெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை ஆலயத்துக்குப் பயன்பட்டது. ஈஸ்டர் அன்று விடியற்காலைப் பூசையில், தவக்காலம் முழுக்க வாயடைத்துக் கிடந்த வானவர் கீதத்தைச் சாமியார் எடுத்துக் கொடுப்பார். உடனே மணிகள் அடிக்கும், விளக்குகள் எரியும், பீடத்துக்குப் பக்கத்தில் அட்டையில் செய்த கல்லறைப் பாறைக்குப் பின்னாலிருந்து உயிர்த்த ஆண்டவரின் மரச் சுரூபம் மெல்ல மேலே எழும். மெல்ல எழுவதற்குக் காரணம் இரண்டு கப்பிகள், இரண்டு கயிறுகள், இரண்டு ஆட்கள். இடப்பக்கக் கயிறு லிப்ட்காரருக்கு. வலப்பக்கக் கயிறு மச்சானுக்கு. சபைக்குத் தெரியாமலும் ஒருவருக்கொருவர் தெரியாமலும் இருவரையும் மறைப்பது மச்சானே வர்ணம் அடித்த அட்டைப்பாறை. அதன் நிறம் சாம்பல் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இரண்டு கயிறும் ஒரே சீராக ஏறவேண்டும். ஒரு பக்கம் தாமதித்தால் சுரூபம் சாய்ந்துவிடும். முன்பெல்லாம் “இழு, இழு, நிறுத்து, உன் பக்கம், உன் பக்கம்” என்று பாறைக்குப் பின்னால் ஒரே கூச்சலாக இருக்கும். ஆண்டவர் உயிர்த்ததில் கூலி வேலைச் சத்தம் கொஞ்சம் கலந்திருக்கும். சண்டைக்குப் பிறகு அந்தச் சத்தம் நின்றது. இருவரும் கயிற்றாலேயே பேசிக்கொள்ளப் பழகினார்கள். லேசாக ஒரு சுண்டு சுண்டினால், தயார். அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தால், நிதானம். சுரூபத்தின் பலகை வழியாக அது அந்தப் பக்கம் போய்ச் சேரும். மச்சானின் கைக்கு ஒரு மென்மை உண்டு, பிரஷ் பிடித்துப் பழகிய கை. எதுவும் தெரியாத சாமியார், “இப்பல்லாம் ரெண்டு பேரும் என்ன பக்தியா, அமைதியா செய்றாங்க,” என்று பிரசங்கத்தில் பாராட்டினார். சுரூபத்தை மேலே கட்டிய பிறகும் பூசை முடியும்வரை இருவரும் வெளியே வர முடியாது. பாறையைப் பிளந்துகொண்டு லிப்ட்காரர் வந்தால் சபை என்ன நினைக்கும்? ஆகவே ஒரு அட்டையின் இரு பக்கமும் முதுகு சாய்த்து, வருடாவருடம் முழுப் பிரசங்கத்தையும் பேசாமல் கேட்டு முடித்தார்கள். அந்த வகையில் சபையிலேயே பிரசங்கத்தை ஒழுங்காகக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

இந்த வருடம் பரிசுத்த வாரத்தில் குழப்பம் தொடங்கியது. குருத்தோலை ஞாயிறன்று, மெழுகுதிரி ஏற்றி மணியடிக்கிற கோயில்பிள்ளை வந்து, “உங்க மச்சான் ஊரை விட்டே போறாராமே?” என்று கேட்டார்.

“யாரு சொன்னா?”

“எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும், தெரியும்,” என்றார் லிப்ட்காரர். தெரியாது.

பாட்டு டீச்சரிடம் ஜாடையாக விசாரித்தார். “அவரா? வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாரு, அவ்வளவுதான். பெயிண்டர் வீடாச்சே, ஒரு தடவையாவது அடிக்க வேணாமா?” என்றார் டீச்சர். சரி, போகவில்லை. மறுநாள் வேலைக்குப் போகிற சாக்கில் மச்சான் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். வாசலில் கட்டில் தலைகீழாகக் கிடந்தது. போகிறார். ஆனால் மூட்டைப்பூச்சிக்காகவும் கட்டிலை வெளியே போடுவார்கள். போகவில்லை. ஜன்னல்களில் திரைச்சீலை இல்லை. போகிறார். ஈஸ்டருக்குத் துவைக்கப் போட்டிருக்கலாம். பூந்தொட்டிகள் அப்படியே இருக்கின்றன, போகிறவன் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவானா? ஊற்றுவான், மச்சான் ஊற்றுவான். அன்றைக்கு ஒரு கட்டிடத்தில் ஐந்தாம் மாடிக்கு அழுத்தியவர்களை எல்லாம் லிப்ட் தரைத்தளத்தில் கொண்டுபோய் விட்டது. வயரிங்கை இரண்டு முறை பிரித்து மாட்டியும் தவறு எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் மனைவியிடம் கேட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு பொதுவாகக் கேட்டார். “உங்க அண்ணன் வீட்டுல என்னமோ சாமான் எல்லாம் வெளிய கிடக்கு?”

“கிடக்கட்டும்.”

“எங்கயாவது போறாரா?”

“எனக்கென்ன தெரியும். அவரையே கேளுங்க.”

“நான் எப்படிக் கேக்கிறது?”

“வாயாலதான். உங்க வாய் என்ன லிப்டா, ரிப்பேர்னு போர்டு மாட்டி வைக்கிறதுக்கு?”

அப்புறம் வெங்காயம் எதுவும் நறுக்காமலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதையும் அவரால் சரியாகக் கணக்கில் எடுக்க முடியவில்லை. அடுப்புப் புகையாக இருக்கலாம். அவர்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

போனால் போகட்டும் என்று பெரிய வெள்ளியன்று முடிவு செய்தார். சனிக்கிழமை மத்தியானம், போனால் நமக்கென்ன என்று மறுபடியும் முடிவு செய்தார். ஒரே முடிவை எத்தனை தரம் எடுத்தாலும் அது எடுத்த இடத்தில் நிற்கவில்லை. ஒருவேளை போகிறான் என்றால் எப்போது, எங்கே, யாரிடம்? இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான், அவனிடம்தான் பேச்சு இல்லை.

ஈஸ்டர் விடியலில் ஆலயம் இருட்டாக இருந்தது. ஆளுக்கொரு மெழுகுதிரியோடு சனங்கள் நின்றார்கள். லிப்ட்காரர் முன்னதாகவே போய்த் தன் பக்கத்தில் குந்திக்கொண்டார். அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு ஆளா, இரண்டு ஆளா என்று புரியவில்லை. வாசகங்கள் முடிந்தன. இவர் கயிற்றை லேசாகச் சுண்டினார்.

பதில் வந்தது. வெடுக்கென்று, பஸ்ஸில் கண்டக்டர் மணிக்கயிற்றை இழுக்கிற மாதிரி.

லிப்ட்காரருக்குக் கை கூசியது. இது மச்சான் கை இல்லை.

யோசிக்க நேரமில்லை. சாமியார் வானவர் கீதத்தை எடுத்துவிட்டார், மணிகள் அடித்தன, விளக்குகள் எரிந்தன. இவர் இழுத்தார். அந்தப் பக்கம் விட்டு விட்டு இழுத்தது. அழுத்தி ஒரு இழுப்பு இழுத்து நிதானம் சொன்னார். அந்தக் கைக்குப் பாஷை தெரியவில்லை, நின்றேவிட்டது. ஆண்டவர் இடுப்பு வரை எழுந்து, பாடற்குழுப் பக்கமாகச் சாய்ந்து, சுருதியில் ஏதோ பிசகு கண்டவர் போல நின்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் இந்த வருடத்து ஏற்பாடு இதுதான் போலிருக்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். பாட்டு டீச்சர் நிலைமையை ஊகித்து முதல் அடியை இன்னொரு முறை பாடவைத்தார்.

“மச்சான்,” என்றார் லிப்ட்காரர்.

ஆண்டவர் இன்னும் முழுசாக எழவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை.

“இங்கதான் இருக்கேன்,” என்றது பாறை.

“கயிறு யாரு கையில?”

“பெஞ்சு செய்வாரே, தச்சர். அவரு கையில. பழகட்டும்னு குடுத்தேன்.”

“இப்ப எதுக்கு அவரு பழகணும்?”

“அடுத்த வருசம் நான் இருக்க மாட்டேன்ல.”

“இந்த வருசம் இருக்கியே. நீ பிடி.”

கயிற்றில் பழைய கை வந்து சேர்ந்தது இவர் உள்ளங்கையில் தெரிந்தது. ஆண்டவர் நிமிர்ந்தார். பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல, முழுதும் எழுந்தார். சபை அல்லேலூயாவைக் கூரை அதிரப் பாடியது. தச்சர் தன் வேலை முடிந்ததாகக் கருதி, சபை சுரூபத்தை அண்ணாந்து பார்த்த சமயமாகப் பக்கக் கதவு வழியாக நழுவிவிட்டார். இருவரும் கயிற்றைக் கட்டிவிட்டு அட்டையில் முதுகைச் சாய்த்தார்கள். சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கினார்.

“எங்க போறே?”

“பொண்ணுகிட்ட. பிள்ளையைப் பாத்துக்க ஆளு இல்லன்னு அழுவுறா.”

“எப்போ?”

“புதன்கிழமை. தங்கச்சி சொல்லலியா?”

“உன்னையே கேக்கச் சொன்னா.”

“அப்பக் கேக்க வேண்டியதுதானே.”

“இப்பக் கேக்கிறேன்ல. வீடு எப்படி?”

“ஒம்பதாவது மாடி. காத்து நல்லா வரும்.”

“லிப்ட் இருக்கா?”

“இருக்கு. ஏறும்போது என்னமோ சத்தம் வருது.”

லிப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்ன மாதிரி சத்தம்?”

மச்சான் தொண்டைக்குள்ளேயே செய்து காட்டினார். வெளியே சாமியார், கல்லறை வாயிலிலிருந்து கல்லைப் புரட்டியது யார் என்று சபையைக் கேட்டுக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு குழந்தை திரும்பிப் பாறையைப் பார்த்தது.

“இன்னொரு தரம் செய்,” என்றார் லிப்ட்காரர், காதை அட்டையோடு ஒட்ட வைத்துக்கொண்டு. “மெதுவா. கதவு மூடுறதுக்கு முன்னாடியா வருது, மூடினப்புறமா?”